சத்தம் போடாத மிஷின்

பாப்பா அப்பாவுக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை.

என் கன்னம் வெட்டி இழுத்துப் பேச்சு திக்கும்போதெல்லாம், போனை ஸ்பீக்கரில் போட்டு துபாய் ரூமில் இருப்பவர்களைச் சிரிக்க வைத்தீர்களே, அந்தத் திக்கலுக்குத்தான் மூன்று மாதமாகப் பயிற்சி எடுக்கிறேன். குளத்தூரிலிருந்து பஸ்ஸில் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறேன். கன்னத்தில் ஒயர் ஒட்டுவார்கள். தசை இறுகினால் மிஷின் கத்தும். மூச்சை விட்டுத் தளர்த்தினால் அடங்கிவிடும்.

"எதைச் சொல்ல ரொம்பக் கஷ்டமா இருக்கோ, அதையே சொல்லிப் பழகுங்க" என்றார் டாக்டரம்மா.

"நீங்க இனிமே எங்க வீட்டுக்கு வர வேணாம்."

இதைத்தான் பழகினேன். முதல் நாள் 'நீங்க' என்றதுமே மிஷின் அலறியது. நேற்று பத்துத் தடவை சொன்னேன். சத்தமே இல்லை.

பேச வராததால் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். லீவு நாளில், ரூமில் எல்லோரும் இருக்கும்போது கூப்பிடுங்கள். என் வாயாலேயே சொல்கிறேன். மறக்காமல் ஸ்பீக்கரில் போடுங்கள்.

பாப்பாவின் அம்மா