காணிக்கைக்கு மூன்று பேர்

தகாஸா
ஷவ்வால், பிறை ஐந்து

அன்புள்ள ஃபன்னு அக்காவுக்குத் தம்பி வனுதீன் எழுதுவது.

நலம். நலம் என்றால், கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறது, உப்புப் பாளச் சுவர் முழுக்க ஈ மொய்க்கிறது, நான் உயிரோடிருக்கிறேன்.

நீ அனுப்பிய கம்பு வந்தது. பாதி புழு. என் மேற்பார்வையில் உப்பு வெட்டும் அடிமைகளுக்கு அதுவே விருந்து. மன்னருக்கு இந்த வருடம் இரண்டு மடங்கு உப்பு வேண்டுமாம். அந்த உப்பைக் கொண்டு அவர் குதிரை வாங்கி நாடு பிடிக்கிறார். வெட்டுகிறவனுக்கு இருபது வயதில் கண் மங்குகிறது.

ஒரு வேண்டுகோள். நம் அம்மா வீட்டு அடிமை சிராவுக்குக் கும்பா என்று ஒரு மகள். பன்னிரண்டு வயது. சுத்தமாகத் தைப்பாள். எழுத்துக்கூட்டி ஓதுவாள், நல்ல குரல். இங்கே கிடந்து வீணாக வேண்டாம். அம்மா வீட்டு ஆட்கள் எல்லாரும் இப்போது உன் உடைமை, அவளும்தான். காஜியார் முன்னிலையில் அவளுக்கு ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி அனுப்பு. எனக்காகச் செய். காரணம் பிறகு சொல்கிறேன்.

உன் தம்பி
வனுதீன்

வலாத்தா
ஸஃபர், பிறை பத்து

அன்புத் தம்பிக்கு,

மூன்று வருடமாய் வீட்டுப் பக்கம் வராதவனுக்குப் புழுத்த கம்பைப் பற்றிப் பேச மட்டும் வாய் நீள்கிறது.

ஊரை உனக்கு அடையாளம் தெரியாது. மன்னரின் அதிகாரி வந்து உட்கார்ந்துவிட்டார். பெரிய வணிகர்களெல்லாம் அவர் முன்னால் நின்றுகொண்டு பேசுகிறார்கள். என் மகன் மஸ்தலியைத் தலைநகர்ச் சபையில் சேர்க்கச் சம்மதித்திருக்கிறார். நம் குல வழக்கப்படி உனக்கும் வாரிசு அவன்தானே, சந்தோஷப்படு.

வெறுங்கையோடு கேட்க முடியுமா? தகாஸாவிலிருந்து மூன்று பேரைக் காணிக்கையாகத் தருவதாகச் சொல்லிவிட்டேன். உப்பு வெட்டுகிறவர்களைக் கொடுத்தால் உனக்குக் கஷ்டம். ஆகவே சமையல்கட்டில் இரண்டு பெண்கள், அவர்களோடு நீ புகழ்ந்த அந்தக் கும்பா. அரண்மனையில் அரிசிச் சோறு தின்பாள். உன் எண்ணமும் நிறைவேறியது, என் எண்ணமும் நிறைவேறியது. அதிகாரியின் வீரர்கள் உப்பு ஏற்ற வரும் இந்த ஒட்டகக் கூட்டத்தோடு வருகிறார்கள், அவர்களோடு அனுப்பி வை.

காரணம் பிறகு சொல்கிறாயாமே. ஓர் அடிமைப் பெண்ணுக்குக் காரணம் வேறா? சீக்கிரம் வந்து சேர். உனக்குப் பெண் பார்த்து வைத்திருக்கிறேன்.

உன் அக்கா
ஃபன்னு

தகாஸா
ஜமாதுல் ஆகிர், பிறை இரண்டு

அக்கா,

கும்பா என் மகள்.

பன்னிரண்டு வருடமாகச் சொல்லவில்லை. சொன்னால் நம் ஆட்கள், "வனுதீன் உப்புக் குழியிலயே குடும்பம் நடத்துறான்டா" என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து, சந்தையில் ஒட்டகத்தைப் புகழ்கிறவன்போல அவளைப் புகழ்ந்து எழுதினேன். நீ எடுத்துக்கொண்டாய். உன்மேல் என்ன குற்றம்?

இன்று வீரர்கள் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். சிரா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லுய்யா. உன் புள்ளதானே, ஒரு வார்த்த சொல்லு" என்றாள். அவள் பாஷை புரியாத வீரன் ஒருவன், "என்ன சொல்றா இவ?" என்று கேட்டான்.

"பெத்தவ இல்லையா, அழத்தான் செய்வா" என்றேன்.

நாளைக் காலையில் புறப்படுகிறார்கள். நாளையும் நான் சொல்லமாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

இந்தக் கடிதத்தைக் கூட்டத்தின் முன்னோடியிடம் தருகிறேன். கடைசிப் பத்து நாள் வழியில் அவன் பிரிந்து தனியாக முந்தி வருவான். அவன் வந்து சொன்னதும் வழக்கம்போல ஊரிலிருந்து நாலு நாள் தூரம் கூட்டத்துக்குத் தண்ணீர் கொண்டுபோவார்கள். நீயும் அவர்களோடு போ. அதிகாரி கண்ணில் படுவதற்குள் மணலிலேயே அவளை வாங்கிக்கொள். பதிலுக்கு வேறு யாரையாவது கொடு. இதை எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

வனுதீன்

வலாத்தா
ரமலான், பிறை மூன்று

தம்பிக்கு,

முன்னோடி பிழைத்து வந்தான். கடிதம் உரிய நேரத்தில் கிடைத்தது. பாலைவனத்தின்மேல் பழிபோட வழியில்லை.

ஒட்டகத்தில் ஏறிவிட்டேன். மஸ்தலி கயிற்றைப் பிடித்தான். "குடுத்ததத் திரும்பக் கேட்டா அந்தச் சபையில என்னைய எவன்மா மதிப்பான்? மாமா இத்தன வருசம் சும்மாதானே இருந்தாரு. இப்பவும் சும்மா இருக்கட்டும்" என்றான். அறைந்திருக்க வேண்டும். இறங்கிவிட்டேன். அவன் தடுத்ததால் இல்லை. அவன் பேசியது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. தண்ணீர் மட்டும் போனது.

கூட்டம் ஊருக்குள் வந்த பிறகு போய்ப் பார்த்தேன். நம் அம்மாவின் நெற்றி அவளுக்கு. வாசலில் நின்ற ஈச்சமரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது தானாவே வளருமா?" என்று கேட்டாள். தகாஸாவில் ஒரு மரம்கூட இல்லை என்று நீ முன்பு சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

பிறகு, "நீங்கதான் அவரோட அக்காவா? அம்மா சொல்லிருக்கா" என்றாள். எவரோட என்று நான் கேட்கவில்லை.

"அவரு பின்னாடி வர்றாரா?"

"வருவார்" என்றேன்.

முந்தாநாள் தலைநகருக்குக் கொண்டுபோனார்கள். மஸ்தலியும் அதே கூட்டத்தில்தான் போகிறான், குதிரையில். அவள் நடந்து போகிறாள். அவள் யார் என்று அவனுக்குத் தெரியும். அவன் யார் என்று அவளுக்குத் தெரியாது.

சிராவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அவள் இனி எங்கே போவாள் என்று உனக்குத் தோன்றும். தெற்கே மகளைத் தேடித்தான் போவாள். கண்டுபிடிக்கமாட்டாள் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அதைச் சொல்லி அவளைத் தடுத்துவிடாதே.

ஃபன்னு