நீர்மாலைக்குப் பிறகு மேலே ஏறிய பிளேன்

தாராவி, மும்பை
ஞாயித்துக்கிழமை மத்தியானம்

அன்பு மகன் ஹரிகிருஷ்ணனுக்கு அம்மா எழுதிக்கிடுதது. நீ அந்தக் குளிர் ஊர்ல நேரத்துக்குச் சாப்பிட்டு, காதை மூடித் துணி கட்டிக்கிட்டு நல்லபடியா இருக்கணும்னு முத்தாரம்மனைக் கும்பிட்டுட்டு இதை எழுத உக்காந்திருக்கேன். இங்க நான் நல்லாத்தான் இருக்கேன், அம்பர்நாத்ல ஷர்மிளா அக்காவும் மாப்பிள்ளையும் சுகம். அப்பாவும் சுகம்னு எழுதக் கை வரல மக்கா. இந்தக் காலத்துல கடிதாசியான்னு சிரிக்காத. இந்த ஒத்த ரூம் கோலிக்குள்ள உன்கிட்ட ஃபோன்ல என்னத்தப் பேசுனாலும் அப்பா காதுல விழும், நீ வேற எப்பப் பாத்தாலும் ஸ்பீக்கர்ல போடச் சொல்லுவ. அதான் அப்பா கண்ணசந்த நேரமாப் பாத்து எழுதுதேன், ஷர்மிளா வந்தா ஃபோட்டோ புடிச்சு அனுப்புவா. தமிழை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்ப, பரவால்ல, மெதுவாப் படி, பாதியில விட்டுட்டு என்னம்மா எழுதியிருக்கன்னு ஃபோனைப் போட்டுக் கேட்டிராத.

அப்பாவுக்கு மூச்சு இப்ப ரொம்ப வாங்குது. இருதயம் பம்பு பண்ணுத சக்தி பாதிக்கும் கீழ போயிட்டாம், ஆபரேஷனை உடம்பு தாங்காதாம், மாத்திரையைக் கொடுத்து வீட்டுலயே வச்சுப் பாத்துக்கிடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாவ. அதுக்கு என்ன அர்த்தம்னு ஷர்மிளா என்கிட்ட சொல்லல, நானும் கேக்கல. மல்லாந்து படுக்க முடியாம சுவத்துல தலாணியை வச்சுச் சாஞ்சுதான் தூங்குதாவ. பை தைக்கிற மிஷின்ல உக்காந்து எத்தனையோ நாளாச்சு, அது மேல இப்ப நான் துணி மடிச்சு வைக்கேன். எந்நேரமும் கையில ஃபோன்தான். நீ கனடாவுக்குப் போன அன்னைக்கு, நீ ஏறுத பிளேன் எங்க போகுதுன்னு நாங்க பாக்கட்டும்னு நீதான ஃபோன்ல ஒரு ஆப்பைப் போட்டுக் கொடுத்துட்டுப் போன, மேப்புல மஞ்சக் கலர்ல குட்டிக் குட்டியா பிளேன் ஊருமே, அதுதான் இப்ப அவியளுக்குச் சோறு தண்ணி எல்லாம். எது எந்த ஊர்ல இருந்து வருது, எம்புட்டு உயரத்துல வருது, வாஷி பக்கம் சுத்தி வந்து காட்கோபர் மேல எறங்குமா இல்ல செம்பூர் வழியா வருமான்னு ஒண்ணு விடாம சொல்லுதாவ. கொழம்புல உப்பு இருக்கான்னு கேட்டா பதில் வராது, மஸ்கட் பிளேன் லேட்டுன்னு வரும். இது போதாதுன்னு, உன் வின்னிபெக் ஏர்போர்ட் டவர்ல இருக்கவங்க பைலட்டுமாருகூடப் பேசுதது ஒரு சைட்ல கேக்குமாமே, அதையும் எப்படியோ கண்டுபுடிச்சு காதுல வயரை மாட்டிக்கிட்டு உக்காந்திருக்காவ. அந்த இங்கிலீஷ் ஒரு எழுத்து புரியாது. அப்படி என்னத்தத்தான் கேக்குதியன்னு ஏசுனா, அவன் ஊர்ல இன்னைக்குப் பனி போல இருக்கு, டவர்ல அந்தப் பொம்பள நிறுத்தாமப் பேசிக்கிட்டே இருக்கான்னு சொல்லுவாவ. நீ வாரக்கணக்குல பேசாம இருக்கும்போது, டவர்ல ஆளு பேசுது, ஊரு நல்லாத்தான இருக்கு, உனக்கென்ன பயம்னு எனக்குச் சமாதானம் வேற. எனக்குக் கோவம் கோவமா வரும். அப்புறம் ஒரு வயரைப் புடுங்கி என் காதுலயும் வச்சுக் கேப்பேன்.

இந்த வித்தையினால அவியளுக்கு இங்க ஒரு வேலை வந்து சேந்துச்சு, அதை நாங்க உன்கிட்ட சொன்னதில்ல. நம்மாளுக வீட்டுல யாராவது தவறிப்போயி, பிள்ளை வெளிநாட்டுல இருந்தா, அப்பாவுக்கு ஆள் விடுவாவ. ஐஸ் பெட்டிக்குத் தலைமாட்டுல ஒரு சேரைப் போட்டு உக்கார வச்சிருவாவ. பிள்ளை கடலைத் தாண்டிட்டான், இப்ப எறங்குதான், இனிமே வண்டிக்குச் சொல்லுங்கன்னு அப்பா சொல்லச் சொல்ல ஒவ்வொரு காரியமா நடக்கும். நீர்மாலைக்குப் போயித் தண்ணி எடுத்துட்டு வந்து குளிப்பாட்டியாச்சுன்னா அப்புறம் வீட்டுல வச்சுக்கிட்டு இருக்கதில்லைலா, தூக்கிரணும், அதான் நேரம் தப்பாமப் பாக்க ஒரு ஆள் வேண்டியிருக்கு. போகாதிய, சாவு வீட்டுல இது என்ன உத்தியோகம்னு நான் தலையில அடிச்சுக்கிட்டேன். பெத்தவன் மொகத்தை அந்தப் பிள்ளை ஒருதடவை பாக்கட்டும்ட்டின்னு கிளம்பிருவாவ.

இந்த மழைக்கு மளிகைக்கடை காசிராஜன் மாமா போயிட்டாவன்னு ஷர்மிளா உனக்குச் சொல்லியிருப்பா. அங்கயும் அப்பாதான் உக்காந்திருந்தாவ. உன்கூடப் படிச்சானே அவங்க மகன் நாகராஜ், அவன் மஸ்கட்ல இருந்து வந்துக்கிட்டு இருந்தான். மழைன்னா அப்படி மழை, சந்துக்குள்ள முட்டுத் தண்ணி, சயான் ரோடு அடைச்சிரும், இப்பவே தூக்குனாத்தான் உண்டுன்னு பங்காளிமாரு பறக்காவ. அப்பா ஃபோனைப் பாத்து, காட்கோபர் மேல வந்துட்டான், எறங்கியாச்சு, நீர்மாலைக்குப் போங்கன்னு சொல்லிட்டாவ. கொடத்தோட போனாவ, தண்ணி வந்துச்சு, மாமாவைக் குளிப்பாட்டி வேட்டி உடுத்தி எல்லாம் ஆச்சு. அப்புறம் ஃபோனைப் பாத்தா, அந்தப் பிளேன் எறங்கவே இல்ல மக்கா. தரையைத் தொடப் போயி, மழையில ஒண்ணும் தெரியாம மறுபடி மேல ஏறிட்டு. கடல் பக்கம் போயிச் சுத்துச்சு, சுத்திட்டு வடக்க திரும்பிட்டு. அப்பா ஃபோன்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு அதை அணைச்சு அணைச்சுப் போட்டுப் பாத்தாவ. நாகராஜோட அம்மா கனகவள்ளி அத்தை, மாமா காலைப் புடிச்சுக்கிட்டு அப்பா மொகத்தையே பாத்தா. என் பிள்ளை எங்க போறான் அண்ணேன்னு கேட்டா. அகமதாபாத்ல போயி எறங்கியிருக்கு. தண்ணி எடுத்த பிறகு வைக்கக் கூடாதுன்னு பெரியவங்க ஒரே பிடியா நின்னுட்டாவ, மாமாவோட தம்பி மகன்தான் கொள்ளி வச்சான். நாகராஜ் மறுநாள் வந்தான், சாம்பல் அள்ளத்தான் வந்தான்.

அவன் வந்து சண்டை போட்டிருந்தா, அப்பாவுக்கு மனசு இப்படி விட்டுப் போயிருக்காது. ரெண்டு பேச்சு பேசிட்டுப் போயிருந்தா இவியளும் வாங்கிக் கட்டிக்கிட்டு மறந்திருப்பாவ. அவன் மொட்டைத் தலையோட நம்ம வீட்டுக்கு வந்து பாய்ல உக்காந்து, அந்தப் பிளேன் போன தடம் இன்னும் அதுல இருக்குமா மாமா, நான் எம்புட்டுப் பக்கத்துல வந்தேன்னு பாக்கணும்னு கேட்டான். அப்பா எடுத்துக் காட்டுனாவ. கோடு வந்து, ஏர்போர்ட் மேலயே வந்து, மேல போகுது. ஜன்னல்ல கூரைமேல போட்ட நீலத் தார்ப்பாயெல்லாம் தெரிஞ்சுது மாமா, வந்தாச்சுன்னு நெனச்சு அப்பாகிட்ட மனசுக்குள்ள பேசிக்கிட்டு இருந்தேன்னு சொன்னான். நான் போட்ட டீயைக் குடிச்சிட்டுப் போயிட்டான். அதுக்கப்புறம் யார் ஆள் விட்டாலும் அப்பா போகதில்ல. சாப்பாடு பாதியாயிட்டு, மூச்சு வாங்கினதும் அதுக்குப் பிறகுதான் கூடிப்போச்சு.

இப்ப எழுத வந்ததைச் சொல்லுதேன். போன வாரம் அப்பா ஷர்மிளாவை வரச்சொல்லி, என்னையும் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னாவ. “எனக்கு ஐஸ் பெட்டி வேண்டாம். ஃபோனைப் பாத்துக்கிட்டு ஒருத்தரும் உக்காரக் கூடாது. ஷர்மிளா கொள்ளி வைக்கட்டும், அவ அம்பர்நாத்ல இருந்து லோக்கல் டிரெயின்ல வந்துருவா.” ஷர்மிளா அழுதா. நான் அழல, சண்டை போட்டேன். மகன் கல்லு மாதிரி இருக்கும்போது பொட்டப் பிள்ளையைச் சுடுகாட்டுக்கு அனுப்புவியளா, ஊரு சிரிக்காதான்னு கத்துனேன். உன் பெரியப்பா மகன் செல்வமும் வந்து, நம்ம வழக்கம் அது இல்ல சித்தப்பா, நான் இருக்கேன்லான்னு சொல்லிப் பாத்தான். அவியளுக்கு ஒரே பிடி. ஷர்மிளா போன பிறகு என்கிட்ட மட்டும் சொன்னாவ, ஹரி ஒரு வார்த்தை சரின்னு சொல்லிட்டா எனக்குப் போதும், இல்லாட்டி பின்னால அக்காளுக்கும் தம்பிக்கும் மனத்தாங்கல் ஆயிரும்னு. அப்ப அவன்கிட்டயே கேளுங்களேன்னேன். அதுக்குத்தான் அவிய சொன்னது, கேட்டா, அவனால வர முடியாதுன்னு எனக்குத் தெரியுங்கது அவனுக்குத் தெரிஞ்சிரும்லான்னு.

அப்பாவுக்கு எல்லாம் தெரியும் மக்கா. உன் படிப்பு விசா முடிஞ்சது, அங்க தங்குததுக்குப் பேப்பர் இன்னும் வராதது, இப்ப வெளிய வந்தா திரும்ப உள்ள விட மாட்டாங்கது, எல்லாம் தெரியும். நான் சொல்லல, நீ ஒவ்வொரு தடவையும் அடுத்த மாசம் வாரேம்ப்பான்னு சொல்லுத சொல்லுலயே புரிஞ்சுக்கிட்டாவ. ஆனாலும் நீ அப்படிச் சொன்ன மறுநிமிசம் ஃபோனை எடுத்து, உன் ஊர்ல இருந்து டொரண்டோ, அங்க இருந்து டெல்லி, அங்க இருந்து இங்கன்னு எந்தப் பிளேன் எந்தப் பிளேனுக்குப் பொருந்தும்னு பாக்க ஆரம்பிச்சிருவாவ. மூச்சு வாங்க வாங்கப் பாப்பாவ. நான் அதைத்தான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கேன். உன்னை வாடான்னு கூப்பிட எனக்கு மனசு கெடந்து துடிக்கு, ஆனா கூப்பிட மாட்டேன். நீ அங்க குளிர்ல சாமான் தூக்கிப் பட்ட பாடெல்லாம் ஒரே நாள்ல வீணாப் போகும், நீ வந்து நிக்கதுக்குள்ள இங்க எல்லாம் முடிஞ்சும் போகும். ரெண்டும் கெட்டு நீ நாகராஜ் மாதிரி இந்தப் பாய்ல உக்காரக் கூடாது. எந்தப் பக்கம் யோசிச்சாலும் எனக்கு வழி தெரியல ராசா.

அதனால நான் கேக்கது ஒண்ணுதான். வர்ற ஞாயித்துக்கிழமை ஃபோன் போடு. நான் எழுதுனேன்னு காட்டிக்கிடாத. சாப்பிட்டியளா, மாத்திரை போட்டியளான்னு கேட்டுட்டு, நீயா யோசிச்ச மாதிரிப் பேச்சை எடு. அக்காகிட்டப் பேசுனேம்ப்பா, எல்லாத்தையும் அவளே செய்யட்டும்னு சொல்லு. அழுகை வந்தா சிக்னல் போயிட்டுன்னு கட் பண்ணிட்டு மறுபடி போடு. அவிய ம்னுதான் சொல்லுவாவ, நீ தப்பா எடுத்துக்கிடாத. நெத்தியில ஒரு துளி திருநீறு பூசு, ராத்திரி வேலைக்குப் போனா கையுறை மறந்திராத, பச்சைத் தண்ணி குடிக்காத. முத்தாரம்மன் உன்னைக் கைவிட மாட்டா, நீ எங்க இருந்தாலும் எங்க ரெண்டு பேரு ஆசீர்வாதமும் உன் தலைமேல இருக்கும், இதுல அப்பா பங்கையும் சேத்துத்தான் எழுதுதேன். அக்காவைச் செய்யச் சொல்லிட்டு ஃபோனை வச்சிரு மக்கா. இந்த ஒரு தடவை மட்டும், கடைசியில, வாரேம்ப்பான்னு சொல்லிராத.

இப்படிக்கு உன்னைப் பெத்தவ,
க. சொர்ணம்மாள்