ராஜா தலைக் காசும் என் சந்தேகமும்

பாய்,

மருமகள் செப்புக்குடத்தைப் புளி போட்டுத் தேய்க்கிறாள். வாடை மூக்கில் ஏறியதும் அன்றைய உங்கள் கத்தல்தான் காதில் விழுந்தது. "யா அல்லா! புளியும் சாம்பலும் போட்டா தேச்சீங்க கவுண்டரே? இத்தன வருசம் மண்ணுக்குள்ள பத்திரமா இருந்த ராஜாவுக்கு உங்க கைல வந்து மூக்கு போச்சுங்களே!"

சூலூர்த் தோட்டத்துக் கிணற்றை ஆழப்படுத்தியபோது கிடைத்த பானையிலிருந்து நான் உங்களிடம் கொண்டுவந்த முதல் வெள்ளிக்காசு அது. கோட்டைமேட்டில் உங்கள் பாத்திரக்கடை. ஆனால் ரோமாபுரிக் காசு என்றால் வந்த கிராக்கியையும் மறந்துவிடுவீர்கள். லென்சைக் கண்ணில் வைத்துக்கொண்டு சொன்னீர்கள்: "பின்னாடி ஒரு பொம்பள கிளையப் புடிச்சு உக்காந்திருந்தா திபேரியஸ் ராஜா காசு. ரெண்டு பசங்க கேடயத்தோட நின்னா அகஸ்டஸ். ஆனா எதையும் சட்டுனு நம்பீராதீங்க. அச்சுல ஊத்துன போலியும் இருக்குது."

அதற்குப் பிறகு ஒவ்வொரு சந்தையன்றும் நாலைந்து காசு மடியில் கட்டி மோட்டார் பஸ் ஏறி வருவேன். சர்க்காருக்குச் சொல்லிவிடுங்கள் என்றீர்கள். நான் கேட்கவில்லை. பானை விஷயம் என் வீட்டாரைத் தவிர உங்களுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் மாதம் தாசில்தார் ஆட்களோடு நேராக என் வீட்டுக்கு வந்து, துழாவித் தவிட்டுக் குதிருக்குள் கைவிட்டுப் பானையை எடுத்துக்கொண்டு போனார். புதையலை மறைத்தவன் என்று ஊரே பார்க்க என்னையும் அந்தப் புழுதி ரோட்டில் நடத்திக் கூட்டிப்போனார்கள். மறுநாளே உங்கள் கடை வாசலில் நின்று நாலு பேர் கேட்கக் கத்தினேன்.

"எவ்வளவு குடுத்தாங்க பாய் உங்களுக்கு?"

நீங்கள் தராசைக் கீழே வைத்தீர்கள். "வெயில்ல நிக்காதீங்க கவுண்டரே. உள்ள வாங்க." அவ்வளவுதான். மறுத்து ஒரு வார்த்தை இல்லை. குற்றமுள்ள நெஞ்சு என்று தீர்மானித்துவிட்டேன். அப்புறம் உங்களை எதிரே கண்டால் ரோட்டைக் கடந்து போய்விடுவேன். நீங்கள் இறந்தபோது மையத்து அடக்கத்துக்குக்கூட வரவில்லை.

போன வாரம் குலதெய்வக் கோயிலில் தர்மகர்த்தா பேச்சுவாக்கில் சொன்னார். "உங்க பானையப் புடிக்கறதுக்கு முந்தி உண்டியல்ல ஒரு ராஜா தல காசு கெடந்ததுங்க. மொதல்ல பாய்கிட்டத்தான் காட்டுனேன். செல்லாக் காசு, கொழந்தைக வெளையாடக் குடுத்துருங்கன்னு சொல்லிப்போட்டாரு. எனக்குத்தான் மனசு கேக்காம தாசில்தார்கிட்டக் கொண்டுபோனேன். மூக்குத் தேஞ்ச காசுங்க அது."

அது நான் போட்ட காசுதான். கிணற்றில் தண்ணீர் வந்தால் பானையில் கிடைத்த முதல் காசு சாமிக்கு என்று நேர்ந்துகொண்டேன். வந்தது. மஞ்சள் துணியில் முடிந்து நானேதான் உண்டியலில் போட்டேன். அந்தப் பருவத்தில் சுற்றுவட்டாரத்தில் கிணறு வெட்டியவன் நான் ஒருவன்தானே. காசைப் பார்த்த தாசில்தார் என் வீட்டைத் தேடி வர அது போதும்.

அப்படியானால் நான் கத்தியபோது உங்களுக்கு எல்லாம் தெரியும். ஏன் சொல்லவில்லை? நாலு பேர் முன்னால் நான் குறுகிப்போவேன் என்றா? இல்லை, என்றைக்காவது தெரிந்து வேகட்டும் என்றா?

நல்ல மனசால்தான் விட்டீர்கள் என்று நம்ப ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி நம்பிவிட்டால் நான் செய்ததைத் தாங்க முடியாது. அதனால்தான் இன்னும் உங்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன், பாய்.