காலியாக வந்த டிபன் டப்பா

ஜூலை 9, புதன்

மூன்று மாதமாகப் பாதிச் சோற்றோடு திரும்பி வந்த நைனாவின் டிபன் டப்பா இன்று காலியாக வந்தது. ஒரு பருக்கைகூட இல்லை.

வயிற்றில் இருக்கும் கிருமியால் பசியைத் தூண்டுகிற ஹார்மோன் குறைந்திருக்கலாம், பதினாலு நாள் மாத்திரை போட்டால் பசி மெல்லத் திரும்பும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்று பத்தாவது நாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இன்னா நைனா, பசி வந்துச்சா?"

"செம பசி கண்ணு. மீன் கொழம்பு சூப்பரு."

எங்கள் வீட்டில் புதன் என்றால் மீன்தான். ஆனால் இன்று மீன் வாங்க நேரமில்லாமல் தயிர்ச்சோறுதான் வைத்தேன். அவர் டப்பாவைத் திறக்கவே இல்லை. யாருக்கோ கொடுத்திருக்கிறார்.

அவர் குளிக்கப் போனதும் பையைத் துழாவினேன். விம்கோ நகரில் வேலை செய்கிற இடத்திலேயே போட்டுக்கொள்வதாக எடுத்துப்போன மாத்திரைகள் அப்படியே கிடந்தன. ஓர் அட்டைகூடப் பிரிக்கவில்லை.

ஏன் என்று படுத்துக்கொண்டு யோசித்தேன். மாத்திரை முடிகிறவரை குடிக்கக் கூடாது என்றும் டாக்டர் சொன்னார்.

"அத்த வுட்டு ஒரு வருஷமாச்சு சார்" என்றார் நைனா. அப்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.