கடலில் கூப்பிட்ட பெயர்

தென்னைமுனை, டிரினிடாட்

அன்பு மகள் இந்திராணிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் சுகம், இந்த முறை அதை வாய்வார்த்தைக்கு எழுதவில்லை, மேலே படி. டொராண்டோ குளிரில் நீங்கள் மூவரும் சுகம்தானே.

வெனிசுவேலாப் பக்கமிருந்து கொள்ளைக்காரர்கள் கடற்படைச் சீருடையிலேயே வந்து நம் மீனவர்களைப் பிடித்துப் போகிறார்கள் என்று எழுதியிருந்தேனே, அதனால் சீருடையைக் கண்டாலே நம் படகுகள் ஓடும், ஓடுகிற படகைக் கடத்தல் படகென்று நிஜக் கடற்படை துரத்தும். பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். கடல் எங்கள் பொறுப்பு என்றார் கடற்படை அதிகாரி, கரை எங்கள் பொறுப்பு என்றார் போலீஸ் அதிகாரி. எனக்கு வந்த கோபத்தில் எழுந்து, கடற்படை அதிகாரியைப் பார்த்து, படகு உங்களிடம், ஊராரைத் தெரிந்த நம் போலீஸ்காரி மார்வா அவரிடம், இரண்டையும் சேர்த்து வைத்தால் என்ன என்று கேட்டுவிட்டேன். உட்காரடி என்று அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். ஆனால் அடுத்த வாரமே மார்வாவைக் கடற்படைப் படகில் ஏற்றிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை சாம்பல் நிறப் படகு ஒன்றைக் கண்டதும் அப்பா வலையை அறுத்துப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். ஒலிபெருக்கியில் அவர் பெயரைச் சொல்லி, "ஹர்லால், நில்" என்றதும் இன்னும் வேகமாக ஓடினாராம். பெயர்தான் படகிலேயே எழுதியிருக்கிறதே, எவனும் படிப்பான் என்கிறார். துப்பாக்கியை நீட்டிவிட்டார்கள். அப்போது மார்வா ஒலிபெருக்கியைப் பிடுங்கி, "ஏ கத்தரிக்கா, எஞ்சின நிறுத்துய்யா, சுட்டுடுவாங்க" என்று கத்தியிருக்கிறாள். அப்பா நிறுத்திவிட்டார். கத்தரிக்கா என்ற வீட்டுப்பெயரை நாம் ஊருக்கு வெளியே யாரிடமும் சொல்வதில்லையே, எந்தக் கொள்ளைக்காரனுக்குத் தெரியும். ஒரு கல்யாணத்தில் நான் அப்படிக் கூப்பிட்டதற்கு ஒரு வாரம் முகம் கொடுக்காத மனிதர் அவர்.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததை எல்லாம் சொன்னார். நான் கட்டிக்கொண்டு அழுதேன். சாயங்காலம் மார்வா வந்தாள், நண்டுக் கறியும் ரொட்டியும் போட்டேன். மாலுமிகள் முன்னால் அப்படிக் கூப்பிட்டதற்கு மன்னிப்புக் கேட்டாள். "நீ தெனமும் கூப்பிடு தாயி" என்றார் அப்பா. சுடாமல் பொறுத்த அந்தப் பையன்களுக்கும் மாங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பினேன். அவர்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. உனக்கும் மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசீர்வாதம். பேரனுக்கு அப்பா ஒரு வீட்டுப்பெயர் யோசித்து வைத்திருக்கிறார். கடிதத்தில் எழுதக் கூடாதாம், எனக்கும் சொல்லவில்லை. தூக்கிக்கொண்டு வாருங்கள், அவன் காதில்தான் சொல்வாராம்.

உன் அம்மா,
சுமிந்த்ரா