மண்ணெண்ணெய் வாசனை இல்லை

மயூர் விஹார், டில்லி
14.11.2007

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம்.

பிரஷர் மாத்திரையை விடாமல் போடுகிறீர்களா? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

இங்கே சின்னதாக ஒன்று நடந்தது, கவலைப்பட எதுவுமில்லை. விசித்திரமாக வெடித்த ஒரு நட்சத்திரத்தைப் பற்றித்தானே என் ஆராய்ச்சி? பக்கத்தில் வாயுவைக் கக்கும் பெரிய நட்சத்திரம் இருந்திருந்தால், வெடிப்பு அந்த வாயுவில் மோதி எக்ஸ்ரே வந்திருக்கும். செயற்கைக்கோள் பல நாள் பார்த்தும் துளி எக்ஸ்ரே இல்லை. அதனால் பக்கத்தில் அப்படி ஒன்று இல்லை என்று ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் எழுதினேன். என் கைடு சிரித்தார்.

"அச்சா, ஒன்றுமே கிடைக்கவில்லை. அதற்கு ஒரு அத்தியாயமா? எடுத்துவிடு."

மாட்டேன் என்றேன். மறுநாள் என் மேசை வராண்டாவுக்கு வந்துவிட்டது. காற்றோட்டமாக இருக்கிறது.

அந்தக் குடோன் எரிந்தபோது, வேலையாள்தான் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினான் என்று தீ விபத்து அறிக்கையில் உங்களை எழுதச் சொன்னார்கள். "மண்ணெண்ணெய் வாசனை இல்லை" என்று எழுதினீர்கள். உங்களைத் தீயணைப்பு நிலையத்தை விட்டே மாற்றினார்கள். அப்போதும் அந்த வரியை நீங்கள் அடித்து நீக்கவில்லை.

உங்கள் பழைய காக்கிச் சட்டை ஒன்றை அனுப்புங்கள், ஸ்வெட்டருக்கு மேல் போட்டுக்கொள்ள. துவைக்க வேண்டாம்.

தபால் எடுக்க ஆள் வந்துவிடுவார், முடிக்கிறேன். சனிக்கிழமை ஆய்வேட்டைப் பார்க்கும் கமிட்டி கூடுகிறது. அத்தியாயம் அப்படியேதான் இருக்கும். ஏற்கனவே ஊரை விட்டு இவ்வளவு தூரத்தில், டில்லியில் இருக்கிறேன் அப்பா. இதற்கு மேல் என்னை எங்கே மாற்றுவார்கள்?

உங்கள் மகள்,
சண்முகப்பிரியா