நெட்டை அதிகாரியின் மார்பளவு

அன்பு மகளே,

நானும் அப்பாவும் நலம், அவருடைய முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துவர மறுக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். அடக்க முடியவில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஜெயித்துவிட்டோம்! நம் ஊர்ப் பொதுக்காடு காடுதான் என்று பதிவேட்டில் ஏறிவிட்டது.

நாடு முழுக்கக் காடுகளைக் கணக்கெடுத்தார்களே, எவ்வளவு பரப்பு, யாருக்குச் சொந்தம், மரங்கள் எப்படி இருக்கின்றன என்று, அதில் மரங்களின் பருமன் போதாதென்று நம் காட்டைப் புதர்நிலம் என்று போட்டுவிட்டார்கள். காடாக இருக்கும்வரைதான் அது ஊருக்குச் சொந்தம், புதர் என்றால் அரசு எடுத்து யாருக்கும் குத்தகைக்கு விடலாம். கல்குவாரிக்காரர் நான் வேலை பார்க்கும் வன அலுவலக வாசலிலேயே தவம் கிடந்தார். நீ போனில் "உன் வேலைக்கு நீயே உலை வச்சுக்காதம்மா, பேசாம இரு" என்றாய். இருந்தேனா? பதிவேட்டை நகலெடுக்கும்போதே உறுத்தியது. போன கணக்கெடுப்பைவிட ஒவ்வொரு மரமும் மெலிந்திருந்தது. மரம் பட்டினியா கிடக்கும்?

அளந்த அதிகாரியைக் கையோடு காட்டுக்குக் கூட்டிப்போய் அளந்து காட்டச் சொன்னேன். மரத்தின் சுற்றளவை மார்பளவு உயரத்தில் எடுக்க வேண்டும். அதாவது தரையிலிருந்து நூற்று முப்பது சென்டிமீட்டர், அதற்கென்று ஒரு குச்சியே கொடுத்திருக்கிறார்கள். இந்த மனுஷர் ஆறரை அடி. குச்சியை ஜீப்பில் போட்டுவிட்டுத் தன் மார்புக்கு நேராக நாடாவைச் சுற்றுகிறார்! மேலே போகப் போக மரம் ஒடுங்காதா? நான் குச்சியை ஊன்றி அதே மரத்தை அளந்தேன். சுற்றளவு கூடித்தான் வந்தது! ஆனாலும் நல்லவர், "தப்பு என் மேலதாம்மா, மொத்தத்தையும் திரும்ப அளந்துடுவோம்" என்றார். பதினொரு நாள் அளந்தோம். அப்பாவும் நொண்டிக்கொண்டே வந்து எண்களைக் குறித்தார், எழுத்து கோழி கிண்டியதுபோல் இருக்கிறது என்று நான் திட்டியதும் இரண்டு நாள் பேசவில்லை. முடிவில் எண்ணூற்று நாற்பது ஏக்கர், நல்ல நிலையில் உள்ள காடு! குவாரிக்காரர் வந்த வழியே போனார்.

நேற்று காட்டின் உரிமையாளர்களாக ஊரார் எல்லாருடைய பெயர்ப் பட்டியலையும் எழுதினோம். வெளிநாட்டில் இருப்பவர்களை விட்டுவிடலாமே என்றார் ஊர்த்தலைவர். நான் விடுவேனா, உன் பெயரை என் கையாலேயே எழுதினேன். எழுதும்போது கண் கலங்கிவிட்டது, சொல்ல என்ன வெட்கம். வாடகை வீட்டில் காலம் தள்ளுகிறேன் என்று இனிமேல் மூக்கால் அழாதே. நீ ஒரு காட்டுக்குச் சொந்தக்காரி.

இருவரும் நீடூழி வாழுங்கள். குளிரில் காதை மூடிக்கொண்டு போ, மறக்காதே.

இப்படிக்கு,
காட்டுக்காரியைப் பெற்ற அம்மா